ஏழு நிமிடம் முந்திய பாங்கு

ருஸ்தமால் இப்போதெல்லாம் ஓர் இடத்தில் உட்கார முடிவதில்லை. நெல் மூட்டை ஏற்றிய லாரியில் ஐந்து மணி நேரம் இடுப்பை அசைக்காமல் உட்கார்ந்து ஓட்டிய மனிதன் அவன். அது மார்ச் மாதத்துக்கு முன்பு. இப்போது ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டே கொல்லைக்கும் வாசலுக்கும் நடக்கிறான். யாராவது பேச வந்தால் கேட்டுக்கொண்டே கதவைத் திறந்து மூடுகிறான். தொழும்போது மட்டும் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கிறான், அதுவும் அல்லாவுக்குப் பயந்து.

"உங்க கால்ல யாராவது மோட்டார் கட்டி விட்டுட்டாங்களா?" என்று அவன் மனைவி பத்ரூன் கேட்பாள். "நிக்கேரியில கரண்ட் போறப்ப உங்களை வச்சே மில்லை ஓட்டிடலாம் போல இருக்கே."

சிரிக்கத்தான் சொல்வாள். அவனும் சிரிப்பான். சிரித்துக்கொண்டே எழுந்து வெளியே போய்விடுவான்.

அன்று அவனுக்கு ஐம்பத்து நான்காம் நோன்பு. ரமலான் எப்போதோ முடிந்து, பக்ரீத்தும் முடிந்து, ஊரெல்லாம் மூன்று வேளையும் தின்றுகொண்டிருக்கிற காலம். அவன் ஒருவன் மட்டும் விடியலில் வாயை மூடி அந்தியில் திறந்துகொண்டிருந்தான். கையால் செய்த பாவத்துக்கு வயிற்றால் கட்டுகிற பரிகாரம் அது. அறுபது நாள், விடாமல். இடையில் ஒரே ஒரு நாள் முறிந்தாலும், அது ஐம்பத்தொன்பதாம் நாளாகவே இருந்தாலும், மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும்.

பாவம் என்ன என்பது நிக்கேரியில் எல்லோருக்கும் தெரியும். மார்ச் மாதம் ஒரு விடியற்காலை, அறுத்த வயலில் வைக்கோலைக் கொளுத்தியிருந்தார்கள். புகை சாலையில் கம்பளியாய்ப் படிந்து கிடந்தது. ருஸ்தம் மெதுவாகத்தான் வந்தான். புகைக்குள்ளிருந்து ஒரு சைக்கிள் வந்தது. சைக்கிளில் இருந்தவர் பள்ளிவாசல் மோதினார் ஈது. சுபுஹு என்னும் விடியல் தொழுகைக்குப் பாங்கு சொல்லப் போய்க்கொண்டிருந்தார். அன்றைக்கு நிக்கேரியில் சுபுஹு பாங்கே கேட்கவில்லை.

ஓட்டுநர் மேல் குற்றமில்லை என்று போலீஸ் எழுதிக் கொடுத்துவிட்டது. மார்க்கம் அப்படி எழுதிக் கொடுக்காது. தெரியாமல் நடந்த கொலை என்றாலும் அறுபது நாள் நோன்பு என்று மியான்ஜி சொன்னார். மியான்ஜி என்று நிக்கேரியில் இமாமைத்தான் கூப்பிடுவார்கள். ஈதுவின் மனைவி நசீபன், வீடு நிறைய ஆட்கள் பார்த்திருக்க, "மன்னிச்சேன்" என்றாள். அந்தச் சொல்லைச் சொன்னபோது அவள் ருஸ்தமைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவன் பெயரையும் அவள் சொன்னதில்லை. சொல்ல வேண்டி வந்தால் "அந்த லாரிக்காரன்" என்பாள்.

அந்த விபத்தில் முறிந்த தன் விலா எலும்பு கூடி வரவும், பக்ரீத் பெருநாள் கழியவும் காத்திருந்து, பெருமழை தொடங்கிய நேரத்தில் ருஸ்தம் நோன்பைத் தொடங்கினான். லாரியைத் தொடமாட்டேன் என்று மில் முதலாளியிடம் சொல்லிவிட்டு, மில்லுக்கு உள்ளே மூட்டை தைக்கிற வேலைக்குப் போனான். அங்கே ஒரு ஜன்னல்கூடக் கிடையாது. வெளியே மழையா வெயிலா என்பது, உள்ளே வருகிறவன் நனைந்திருக்கிறானா இல்லையா என்று பார்த்துத்தான் தெரியும்.

ஈது போன பிறகு பள்ளிவாசலுக்கு மோதினார் கிடைக்கவில்லை. ஆனால் கமிட்டிக்கு யோசனைக்குப் பஞ்சமே கிடையாது. செயலாளர் வீட்டிலிருந்து ஒரு ரேடியோவைக் கொண்டு வந்து ஒலிபெருக்கிக்கு முன்னால் வைத்தார்கள். தலைநகர் பரமாரிபோ வானொலியில் பாங்கு வரும்போது அதுவே நிக்கேரிக்கும் பாங்கு. குரல் நல்ல குரல், ராகம் நல்ல ராகம், சம்பளமும் இல்லை. ஈது பிற்பகல் அஸர் தொழுகைக்கு நேரம் பார்ப்பதற்காகப் பள்ளிவாசல் முற்றத்தில் நட்டு வைத்திருந்த நிழல் கம்பியில் யாரோ ஆட்டைக் கட்டினார்கள். ஆடு இழுத்து இழுத்துக் கம்பி வளைந்து போயிற்று. அதை நிமிர்த்த வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

தினமும் அந்தியில் ருஸ்தம் பள்ளிவாசல் படியில் உட்காருவான். உட்காருவான் என்பது பேச்சுக்கு. உட்கார்வான், எழுவான், சட்டைப் பையில் இருக்கிற பேரீச்சம்பழத்தைத் தொட்டுப் பார்ப்பான், மறுபடி உட்கார்வான். ரேடியோ கரகரத்துப் பாங்கு தொடங்கியதும் பழத்தை வாயில் போடுவான். எதிரே இருபது அடியில் நசீபனின் வீட்டு ஜன்னல். அந்த ஜன்னலை மட்டும் பார்க்க மாட்டான்.

பத்ரூன் ஒருநாள் ஒன்றைச் சொன்னாள். "அந்த நசீபன் சாச்சி சரியான ஆளுங்க. ஜமாஅத் முடிஞ்சு எல்லாரும் செருப்பு மாட்டினப்புறம்தான் பாயை விரிக்கிறா. நம்மளோட சேர்ந்து அந்தி மஃரிபு தொழக்கூடப் பிடிக்கல போல."

"என் முகத்தைப் பாக்கப் பிடிக்கல, அவ்வளவுதான்" என்றான் ருஸ்தம். அது அவனுக்கு நியாயமாகவே பட்டது.

ஐம்பத்து நான்காம் நாள் மதியம் மழை நின்றது. இரண்டு மாதமாக மூடிக் கிடந்த வானம் தலைக்கு மேல் நீலமாகத் திறந்தது. நாலு மணிக்கு மில்லில் பெல்ட் அறுந்து, எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டுக்குப் போனால் அடுக்களை வாசனை, பள்ளிவாசலுக்குப் போனால் அந்த ஜன்னல். ருஸ்தம் எங்கே போவதென்று தெரியாமல் மில் வாசலிலேயே சுற்றினான்.

கூட வேலை செய்கிற சரிமான் தூண்டிலைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். ஜாவாக்காரன், வாய் ஓயாது.

"வா பாய், மதகுப் பக்கம் போலாம். மீன் கிடைச்சா எனக்கு, நேரம் போனா உனக்கு."

கடல் அணைமேல் இருவரும் நடந்தார்கள். மதகுக்குப் பக்கத்தில் சரிமான் தூண்டிலைப் போட்டு, கால்சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன ரேடியோவை எடுத்துப் பாட்டு வைத்தான். ருஸ்தம் அணைமேல் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தான்.

"கொஞ்சம் நில்லு பாய். நீ நடக்கிற அதிர்வுல மீனெல்லாம் அக்கரை கயானாவுக்கே போயிடுது."

"இன்னும் ஆறு நாள்டா சரிமான். இன்னிக்குப் போச்சுன்னா ஆறே நாள்."

"முடிச்சிட்டு என்ன செய்யப் போற?"

ருஸ்தம் அணையின் கோடிவரை போய்த் திரும்பினான். முடித்தால் தூக்கம் வரும் என்று நினைத்திருந்தான். அந்தப் புகையும், சைக்கிள் மணி ஒரு தரம் அடித்த சத்தமும் போகும் என்று நினைத்திருந்தான். அதையெல்லாம் சரிமானிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

பாட்டு நின்றது. ரேடியோவில் பாங்கு தொடங்கியது. ருஸ்தம் பையில் கைவிட்டுப் பழத்தை எடுத்து, பிஸ்மி சொல்லி வாயில் போட்டு, இரண்டு தரம் மென்று விழுங்கிவிட்டான். சரிமான் தண்ணீர்ப் புட்டியை நீட்டினான். நீட்டிய கை பாதியில் நின்றது.

"ஏன் பாய், உங்க நோன்பு சூரியன் முழுகினப்புறம்தானே திறக்கிறது?"

"ஆமா."

"அப்ப அது என்ன, நிலாவா?"

ருஸ்தம் திரும்பினான். கொரண்டைன் ஆறு கடலில் கலக்கிற இடத்துக்கு மேலே சூரியன் நின்றது. தண்ணீரைத் தொடக்கூட இல்லை. அதற்கும் தண்ணீருக்கும் நடுவில் இன்னும் இரண்டு சூரியனை அடுக்கலாம். முழு வட்டமாக, சிவப்பாக, ஒரு அவசரமும் இல்லாமல் நின்றது.

அவன் தொண்டைக்குள் விரலை விட்டான். வெறும் எச்சில்தான் வந்தது.

"ரேடியோ தப்பு" என்றான். "உன் ரேடியோ தப்புடா!"

"ரேடியோ என்ன பண்ணும்? அது பரமாரிபோவுல பேசுது. எங்க அக்கா அங்கதான் இருக்கா. போன்ல பேசுறப்ப, இங்க இருட்டிப் போச்சு விளக்குப் போட்டேன்னு சொல்வா. எனக்கு இங்க வெளிச்சத்துல தூண்டில் முள்ளு தெரியும். அவ கிழக்க இருக்கா, நாம மேற்க இருக்கோம். சூரியன் அவளைப் பாத்துட்டுத்தானே நம்மகிட்ட வரும்?" சரிமான் தூண்டிலைச் சுற்றத் தொடங்கினான். "எங்க தாத்தா ஜாவாப் பழக்கத்துல சாகிற வரைக்கும் மேற்க பாத்தே தொழுதாரு. மக்கா இங்கிருந்து கிழக்கன்னு எத்தனையோ பேர் சொல்லிப் பாத்தாங்க, கேக்கல. ஆனா ஒண்ணு பாய், மேற்க பாத்து நின்னவருக்கு சூரியன் எப்ப முழுகுதுன்னு மட்டும் யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கல."

ருஸ்தம் அதைக் கேட்கவில்லை. அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பாங்கு வந்தபோது ஆறு ஐம்பத்தேழு. சூரியனின் கடைசிக் கீற்று தண்ணீருக்குள் போனபோது ஏழு மணி நாலு நிமிடம். ஏழு நிமிடம். இன்று ஒரு நாள் என்றால் சரி, இன்று மட்டும் போகட்டும் என்று ஒரு கணம் நினைத்தான். அடுத்த கணமே இன்னொன்று உறைத்தது. பள்ளிவாசலில் ஒலிபெருக்கிக்கு முன்னால் இருப்பதும் இதே பரமாரிபோ ரேடியோதானே? மழை மூட்டத்தில் வானம் தெரியவில்லை, அவ்வளவுதான். ஐம்பத்து நான்கு நாளும் சூரியன் மேகத்துக்குப் பின்னால் இருக்கும்போதே அவன் பழத்தைத் தின்றிருக்கிறான்.

அவன் ஓடினான். சரிமான் பின்னாலிருந்து என்னவோ கத்தினான்.

பள்ளிவாசலில் தொழுகை எப்போதோ முடிந்திருந்தது. மியான்ஜி கோதாபக்ஷ் தனியாக உட்கார்ந்து தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தார். நல்ல மனிதர்தான். யாரோடும் சண்டை வரக்கூடாது என்பதற்காகவே பாதி மார்க்கத்தைச் சொல்லாமல் விட்டுவிடுகிற ரகம். ருஸ்தம் மூச்சிரைக்கச் சொன்னதை முழுக்கக் கேட்டார். அவர் உருட்டிக்கொண்டிருந்த மணி நின்றது.

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"சரிமானுக்குத் தெரியும்."

"அவன் பேச்சை விடு. நம்ம ஆளுங்க யார்கிட்டயும் சொல்லலியே?" மியான்ஜி வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பாங்கு முடிஞ்சு, உடனே தொழ நின்னு தக்பீர் கட்டிடறோம். அப்ப சூரியன் முழுகலன்னா மூணு மாச மஃரிபும் போச்சு. ஊர் முழுக்கத் திருப்பித் தொழணும். அந்தச் செயலாளர் ரேடியோ கொண்டு வந்தது தன் பெருமைன்னு நெனச்சுட்டு இருக்கான். என்னைத் தோலை உரிச்சுடுவான்டா."

"என் நோன்பு மியான்ஜி?"

"உன் நோன்புக்கு என்ன? அறியாம செஞ்சது. மறதியாச் சாப்பிட்டா நோன்பு முறியாதுன்னு இருக்கில்ல?"

"மறதி வேற, தப்பு வேறன்னு நீங்கதானே ரமலான்ல பாடம் எடுத்தீங்க?"

மியான்ஜி நெற்றியைத் தேய்த்தார். பிறகு முகம் மலர்ந்தது. "சரி, இப்படிப் பாரு. விடியக்காலையிலயும் இதே ரேடியோதானே? அங்க முன்னாடியே விடியுது. அப்ப நீ தினமும் ஏழு நிமிஷம் முன்னாடியே வாயை மூடிட்டே. சாயங்காலம் ஏழு நிமிஷம் முன்னாடி திறந்துட்டே. கூட்டிக் கழிச்சா நேராப் போச்சு! ஒரு நிமிஷம்கூட நீ குறைச்சல் இல்ல."

"நோன்பு என்ன, எடை போட்டு விக்கிற அரிசியா?"

"சில பெரியவங்க இது மன்னிக்கப்படும்னும் சொல்லியிருக்காங்க. நான் சொல்றேன், உன் நோன்பு கூடிடுச்சு, செல்லும். மிச்சம் ஆறையும் முடி. வெள்ளிக்கிழமை வரைக்கும் எனக்கு டைம் குடு, ரேடியோ விஷயத்தை நான் பக்குவமாச் சொல்லிக்கிறேன். கமிட்டியில பேசணும், செயலாளர் மனசு நோகாம சொல்லணும்…"

மியான்ஜி பேசிக்கொண்டே இருந்தார். ருஸ்தமுக்குத் தெரிந்தது ஒன்றுதான். அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம், ஆனால் அவர் அதை மார்க்கத்துக்காகச் சொல்லவில்லை, செயலாளருக்குப் பயந்து சொல்கிறார். அந்த வார்த்தையை நம்பித் தலையணையில் தலை வைக்க அவனால் முடியாது.

பத்ரூன் விஷயத்தைக் கேட்டுவிட்டு அடுப்பை அணைத்தாள். பிறகு, "மியான்ஜி போதும்னா போதும்" என்றாள். "இன்னும் அறுபது நாள் இந்த நடையை என்னால பாக்க முடியாது. உங்களுக்குப் பசி. எனக்குப் பைத்தியம்." அவள் குரல் உடைந்தது. பகடி பேசுகிறவள் பகடியை விட்டுவிட்டால் வீடே வேறு வீடாகிவிடும். ருஸ்தம் கதவைத் திறந்தான், மூடினான், திறந்தான்.

மறுநாளும் விடியலுக்கு முன் எழுந்து நோன்பு வைத்தான். ஐம்பத்தைந்தா, ஒன்றா என்று மட்டும் தெரியவில்லை. பரிகார நோன்பு என்று மனதில் உறுதி வைத்தான், எண்ணை அல்லாவிடம் விட்டுவிட்டான்.

மில்லில் மூட்டை தைக்கும்போது ஊசி இரண்டு தரம் விரலில் ஏறியது. ஏழு நிமிடம் என்பது நிச்சயமா? அவன் கடிகாரம் தப்பாக இருந்தால்? நேற்று ரேடியோக்காரன் அவசரப்பட்டிருந்தால்? ஒரே ஒரு நாள்தானே பார்த்தான். இந்த ஊரில் இதற்குச் சரியான விடை தெரிந்த மனிதர் ஒருவர் இருந்தார். அணைமேல் நின்று சூரியன் முழுகுவதைப் பார்த்துவிட்டு, சைக்கிளை மிதித்து வந்து பாங்கு சொன்னவர். மழைக்காலத்தில் வானம் பார்க்காமலே சரியாகச் சொன்னவர். எங்கேயாவது எழுதி வைத்திருப்பார். அந்த எழுத்து எந்த வீட்டில் இருக்கும் என்பதும் ருஸ்தமுக்குத் தெரியும். அதை நினைத்ததும் ஊசி மூன்றாம் தரமும் ஏறியது.

வேலை விட்டதும் போனான். நாலு மாதத்தில் முதல் தரமாக நசீபனின் வீட்டுப் படியில் கால் வைத்தான். வானம் மறுபடி மூடிக்கொண்டு தூறல் போட்டது. அறுபது வயதைத் தாண்டிய நசீபன் வாசலில் நாற்காலி போட்டு அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"அஸ்ஸலாமு அலைக்கும், சாச்சி."

"வ அலைக்குமுஸ்ஸலாம்."

உட்காரச் சொல்லவில்லை. அவன் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். எதற்கு வந்தான் என்று சொல்லவும் முடியவில்லை. உன் புருஷனைக் கொன்றதற்கு வைத்த நோன்பு கெட்டுப்போய்விட்டது, புருஷனின் நோட்டைக் கொடு என்று எந்த வாயால் கேட்பது?

"சாச்சா ஏதாவது எழுதி வச்சிருக்காரா சாச்சி? நோட்டு, டைரி மாதிரி?"

"எதுக்கு?"

"சும்மா… பள்ளிவாசலுக்கு."

"பள்ளிவாசலுக்குத்தான் ரேடியோ இருக்கே."

அவள் மறுபடி கல் பொறுக்கத் தொடங்கினாள். அவன் படியில் இறங்கினான், ஏறினான், ஜன்னல் கம்பியைத் தொட்டான், விட்டான். திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தபோது எதிரே ஒலிபெருக்கி கரகரத்தது. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. பரமாரிபோவின் பாங்கு நிக்கேரி முழுக்கக் கணீரென்று பரவியது. ஐம்பத்து நான்கு நாள் பழக்கம், ருஸ்தமின் கை தானாகவே சட்டைப் பைக்குள் போயிற்று.

"எடுக்காத" என்றாள் நசீபன், உள்ளே சுவரில் தொங்கிய கடிகாரத்தைப் பார்த்தபடி. "இன்னும் ஏழு நிமிஷம் இருக்கு."

கை பைக்குள்ளேயே நின்றது. அவன் இன்னும் அவளிடம் எதையும் சொல்லவில்லை. மியான்ஜி சொல்லியிருக்க மாட்டார். பத்ரூன் இந்தப் பக்கமே வருவதில்லை.

"உங்களுக்கு யார் சொன்னது?"

நசீபன் அரிசித் தட்டைக் கீழே வைத்தாள்.

"நாப்பத்தொரு வருஷம் அந்த மனுஷனோட இருந்தேன். யார் சொல்லணும்? வெயில் காலத்துல அணைமேல நின்னு ரேடியோவைக் காதுல வச்சுக்குவாரு. பாங்கு வந்தா ஒரு தரம் மணி பாப்பாரு, சூரியன் முழுகினா ஒரு தரம் பாப்பாரு. வருஷா வருஷம் அதேதான். ஏழு நிமிஷம், கூட ஒரு மடக்குத் தண்ணி குடிக்கிற நேரம். மேகம் போட்டா அந்தக் கணக்குலதான் பாங்கு சொல்வாரு."

"அப்ப தெரியும். முதல்லேர்ந்து தெரியும்."

"தெரியும்."

"ஜமாஅத் முடிஞ்சப்புறம் நீங்க தொழறது…"

"நேரம் வந்தப்புறம் தொழுதேன்."

ருஸ்தம் படியிலிருந்து குதித்தான். தூறலில் முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். வேலிக் கம்பை உதைத்தான். "ஐம்பத்து நாலு நாள் சாச்சி! அந்தப் படியில உக்காந்து, உங்க கண்ணு முன்னால! ஒரு வார்த்தை. 'டேய், இன்னும் நேரம் ஆகல'ன்னு ஒரு வார்த்தை. ஜன்னல்லேர்ந்து கத்தியிருந்தாப் போதுமே! ஐம்பத்து நாலு நாள்!"

"எனக்கு நாப்பத்தொரு வருஷம்" என்றாள் அவள்.

அவன் நின்றுவிட்டான்.

"முதல் நாள் கத்தத்தான் வந்தேன்" என்றாள் நசீபன். "ஜன்னல்கிட்ட வந்து நின்னேன். நீ பழத்தை வாயில போட்ட. மன்னிச்சேன்னு நான் சொன்ன அன்னிக்கு வீடு நெறைய ஆளு. சொல்லு, மன்னிச்சேன்னு சொல்லு, புண்ணியம்னு என்னைச் சுத்தி நின்னு சொன்னாங்க. அவர் மையத்தை அடக்கி மூணு நாள்கூட ஆகல. வாய் சொல்லிடுச்சு. மனசு சொல்லல. அதனால கத்தல. தின்னட்டும், அல்லாகிட்டப் போய் வெறுங்கையோட நிக்கட்டும்னு விட்டேன். நல்லாவும் இருந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன், ரெண்டு மூணு நாள் நல்லாவே இருந்துச்சு. அப்புறம் நாளைக்குச் சொல்லலாம்னு நெனச்சேன். பத்து நாள் ஆனதும் இனிமே எப்படிச் சொல்றதுன்னு ஆயிடுச்சு. இருபது ஆனதும் பயம் வந்துடுச்சு. நீ இளைக்க இளைக்க எனக்குச் சோறு இறங்கல. நேத்து நீ ஓடி வந்து மியான்ஜிகிட்டப் பேசினதை இங்கேர்ந்து பாத்தேன். தெரிஞ்சுபோச்சுன்னு நெனச்சேன். அப்பாடான்னு இருந்துச்சு."

ஒலிபெருக்கியில் பாங்கு முடிந்தது. பள்ளிவாசலுக்குள் ஆட்கள் போவது தெரிந்தது. ருஸ்தமுக்குக் கோபம் இருந்தது. ஆனால் எங்கே வைப்பதென்று தெரியவில்லை. நாலு மாதமாக இந்த வீட்டிலிருந்து ஒரு வசவாவது வராதா என்று ஏங்கியவன் அவன். இப்போது வந்துவிட்டது. அவன் பயந்த அளவு அது வலிக்கவில்லை.

"மியான்ஜி என்ன சொன்னாரு?" என்றாள்.

"கூடிடுச்சுன்னாரு. மிச்சத்தை முடின்னாரு."

"அப்ப முடி." அவசரமாகச் சொன்னாள். "அவர் சொன்னாச் சரிதான். திரும்ப ஆரம்பிக்காத. நீ திரும்ப ஆரம்பிச்சா ஒவ்வொரு நாளும் என் கழுத்துலதான் விழும். உன் அறுபது நாளையும் நானில்ல சுமக்கணும்?" முதல் தரமாக அவள் குரலில் கெஞ்சல் இருந்தது. "வேணும்னா அந்த ஐம்பத்து நாலுக்கும் நான் பொறுப்புன்னு அல்லாகிட்டச் சொல்லிக்கிறேன். நீ ஆறு நாள்ல முடிச்சுட்டு எழுந்து போ."

ருஸ்தம் நனைந்த செருப்பை விட்டுவிட்டுப் படியேறினான். அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தான். முழங்கால் ஆடவில்லை. அதை அவன் அப்போது கவனிக்கவில்லை, வீட்டுக்குப் போன பிறகுதான் கவனித்தான்.

"முடியாது சாச்சி" என்றான். "மியான்ஜி செயலாளருக்குப் பயந்து சொன்னாரு, நீங்க உங்க கழுத்துல விழும்னு பயந்து சொல்றீங்க. சாச்சா இருந்தா என்ன சொல்லியிருப்பாரு?"

அவள் அரிசித் தட்டைச் சுவரோரமாகத் தள்ளினாள். தூறல் கூரைத் தகட்டில் தட்டியது.

"சூரியன்கிட்டச் சலுகை கேக்க முடியாதும்பாரு" என்றாள் கடைசியில். சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"அப்ப இன்னிக்கு முதல் நாள். இன்னும் வாயில ஒண்ணும் போடல. இன்னிக்கு நோன்பு முழுசா இருக்கு. நீங்கதான் நிறுத்தினீங்க."

நசீபன் அவனையே பார்த்தாள். பிறகு எழுந்து உள்ளே போனாள். சுவரில் ஆணியில் தொங்கிய அந்தக் கைக்கடிகாரத்தை எடுத்து வந்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். கண்ணாடியில் விரிசல். அது எந்தக் காலையில் உண்டான விரிசல் என்று ருஸ்தமுக்குத் தெரியும். பார்க்காமல் இருக்க நினைத்தான். பிறகு பார்த்தான்.

வானம் ஒரே சாம்பலாக இருந்தது. சூரியன் எங்கே இருக்கிறது என்று ஒரு தடயமும் இல்லை. எதிரே பள்ளிவாசலில் எல்லோரும் ருகூவுக்குக் குனிந்தார்கள், நிமிர்ந்தார்கள், நெற்றி தரையில் பட ஸஜ்தாவுக்குப் போனார்கள். யாருடைய தொழுகையும் இன்னும் நேரத்தைத் தொடவில்லை. இந்த வீட்டு வாசலில் இரண்டு பேர் மட்டும் ஒரு விரிசல் விட்ட கடிகாரத்தின் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ருஸ்தம் பேரீச்சம்பழத்தை எடுத்து விரலில் வைத்துக்கொண்டான். அவள் சொல்லாமல் விட்டுவிட்டால்? இந்த ஏழு நிமிடத்தையும் தாண்டிப் பத்து, பதினைந்து என்று காக்க வைத்தால்? வைக்கட்டும் என்று தோன்றியது. இனி இவள் சொல்லாமல் அவன் வாயில் எதுவும் போகாது.

முள் நகர்ந்தது. அவள் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. ஏழு நிமிடம் ஆயிற்று. அவள் இன்னும் ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கிற நேரம் காத்திருந்தாள்.

"தெற, ருஸ்தம்" என்றாள்.

அவன் பழத்தைக் கடித்தான். மார்ச் மாதத்திலிருந்து அவள் வாயில் வராத பெயர். அவன் அழுதான், வாயில் பழத்தோடு, தண்ணீர் கேட்கக்கூட முடியாமல். அவள் போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டு வந்து அவன் முன்னால் வைத்தாள்.

குடித்து முடித்து வாயைத் துடைத்துக்கொண்டு அவன் சொன்னான்.

"நாளைக்கும் நீங்கதான் சொல்லணும்."

"அறுபது நாளுமா?"

"அறுபது நாளும்."

"மழை பெஞ்சாலுமா?"

"மழை பெஞ்சாத்தான் சாச்சி முக்கியமா."

நசீபன் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்து ஆணியில் மாட்டினாள். பிறகு தொழுகைப் பாயை எடுத்து விரித்துக்கொண்டே சொன்னாள், "வெறுங்கையோட வராத. பேரீச்சம்பழம் ரெண்டாக் கொண்டு வா. நாளைலேர்ந்து நானும் நோன்பு."